தாங்க வேண்டியது கையையா, துப்பாக்கியையா?

வாசகர் கேள்வி–பதில்: கைத்துப்பாக்கிச் சுடுதல்

துப்பாக்கி சுடுதலைப் பற்றி இதுவரை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே பிரச்சினையைப் பேசுகின்றன: கை நிற்பதில்லை. அவற்றிலிருந்து பொதுவாகப் பயன்படக்கூடிய ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. நான்கு மாதங்களாக ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போகிறாள். கை நடுங்குகிறது என்பதால், வீட்டில் நாற்காலியின் முதுகில் தலையணையைக் கட்டி, அதன்மேல் மணிக்கட்டை வைத்துக் குறிபார்க்கச் சொன்னேன். பயிற்சியாளர் கேள்விப்பட்டுக் கடிந்துகொண்டார். நான் செய்தது தவறா? (ஒரு தந்தை, ஈரோடு)

தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தலையணை எதைத் தாங்கியது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஏர் பிஸ்டல் போட்டியின் விதி கண்டிப்பானது. எதன்மேலும் சாயாமல் நின்று, ஒரே கையால் பிடித்துச் சுட வேண்டும்; மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இல்லை என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும்; சுடும் கையில் கடிகாரம், வளையல், பட்டை எதுவும் கூடாது; கணுக்கால் எலும்பை மூடும் காலணிக்குக்கூட அனுமதி கிடையாது. ஆகவே, உங்கள் மகள் எதன் துணையும் இல்லாமல் உறுதியாக வைத்திருக்க வேண்டிய முதல் மூட்டு மணிக்கட்டுதான். அந்த இடத்தில் தலையணையைக் கொடுத்தால், இறுகப் பழக வேண்டிய மூட்டு ஓய்வெடுக்கப் பழகிவிடுகிறது. பயிற்சியாளரின் கோபத்துக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இந்த மணிக்கட்டின் அருமையை ஒரு சிறிய கணக்கில் காட்டிவிடலாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதற்கு வெளியே உள்ள ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம். கை முழுவதும் துப்பாக்கியோடு சேர்ந்து, கோணம் மாறாமல், 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் இலக்கில் அதே 5 மில்லிமீட்டர்தான் நகரும். அது இன்னமும் பத்துதான். ஆனால் மணிக்கட்டு சற்றே மடங்கி, முன்குறி (குழல் முனையில் நிற்கும் குறிமுனை) பின்குறியின் (கைப்பக்கம் உள்ள குறியின்) பள்ளத்துக்கு நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினால் நிலைமை வேறு. இரண்டு குறிகளுக்கும் இடையே 32 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த 1 மில்லிமீட்டர் பத்து மீட்டர் தூரத்தில் 31 மில்லிமீட்டராகப் பெருகி, பத்தில் பட வேண்டிய குண்டை ஏழின் ஓரத்துக்குக் கொண்டுபோய்விடும். கை ஆடுவதைக் கண்டு பிள்ளைகள் பதறுகிறார்கள். உண்மையில் மதிப்பெண்ணைத் தின்பது கை ஆடுவதல்ல, மணிக்கட்டு ஒடிவது. உலகத் தரத்தில் சுடுபவர்களின் கையும் ஆடத்தான் செய்கிறது. அவர்கள் அந்த ஆட்டத்தை ஒரு சிறிய வட்டத்துக்குள் அடக்கி, அது அடங்கியிருக்கும் நேரத்திலேயே விசையை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதியை) இழுத்து முடித்துவிடுகிறார்கள்.

தாங்கலை முற்றிலும் தூக்கி எறிய வேண்டாம். விசையை எப்படி இழுப்பது என்று கற்பதற்கு அது நல்ல துணை. தலையணையை மணிக்கட்டிலிருந்து எடுத்து முன்கையின் நடுப்பகுதிக்குக் கீழே வையுங்கள். மணிக்கட்டும் துப்பாக்கியும் காற்றில் இருக்கட்டும். துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை இருவரும் கண்ணால் பார்த்து உறுதிசெய்து, பெல்லெட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பத்து நிமிடம் ட்ரை பயிற்சி (குண்டில்லாமல் விசையை இழுக்கும் பயிற்சி) செய்யட்டும். சுவரில் புள்ளி எதுவும் வேண்டாம். விசை விடுபடும் நொடியில் முன்குறி துள்ளுகிறதா என்று கவனிப்பது மட்டுமே வேலை. பத்து நிமிடம் முடிந்ததும் தலையணையை எடுத்துவிட்டு, அதே சுவரைப் பார்த்து, அதே வேலையை நின்று செய்ய வேண்டும். ஜெர்மனியில் மூத்தோருக்குத் தாங்கல்மேல் வைத்துச் சுடும் ஏர் பிஸ்டல் போட்டிகளே தனிப்பிரிவாக நடைபெறுகின்றன; எனவே தாங்கல் என்பது வெட்கப்பட வேண்டிய பொருளல்ல. எதைக் கற்பதற்காக அதை வைக்கிறோம் என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் ஒருவர் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்டாரே, அது அலட்சியமா, பாணியா? (கல்லூரி மாணவர், மதுரை)

இரண்டும் இல்லை. யூசுஃப் டிகெச் 2024-இல் கலப்பு இரட்டையர் ஏர் பிஸ்டலில் ஷெவ்வல் இலாய்தா தர்ஹானுடன் வெள்ளி வென்றவர். அதே பிரிவில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்றார்கள். அவர்களையும் பாருங்கள், மற்ற வீரர்களையும் பாருங்கள்: சும்மா இருக்கும் கை ஏறக்குறைய எல்லாருக்கும் பாக்கெட்டிலோ இடுப்பு வாரிலோ கட்டுண்டுதான் இருக்கும். தொங்கவிட்ட கை ஊசலாடும். அது தோளை இழுக்கும். தோள் அசைந்தால் மறுபக்கத்தில் நீட்டிய கையின் நுனியில் அது தெரியும். போட்டி விதிக்கு உட்பட்டு, துணிக்கடையில் வாங்கிய காற்சட்டையை வைத்தே செய்துகொள்ளக்கூடிய ஒரே தாங்கல் இதுதான் என்று சொல்லலாம்.

பாக்கெட்டில் கையை விட்டதும் கட்டைவிரலை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்பதுகூட ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று என் மாணவர்களை நான் வற்புறுத்துவதுண்டு.

கேள்வி: பாயிண்ட் 22 ஸ்போர்ட் பிஸ்டலின் குறிகளைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் ரேஞ்சில் சிமென்ட் மேசை தவிர வேறு வசதி இல்லை. துப்பாக்கியை அதன்மேல் வைத்துச் சுட்டால் குண்டுகள் மேலே மேலே போகின்றன. என்ன செய்யலாம்? (ஒரு வாசகர், திருச்சி)

குண்டு மேலே போவதற்குக் காரணம் மேசைதான். துப்பாக்கியின்மேல் பழி போடாதீர்கள். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பின்னுதைப்பு தொடங்கிவிடுகிறது. துப்பாக்கி கையில் இருந்தால் அந்த உதைப்பைத் தசையும் தோலும் வாங்கிக்கொள்கின்றன. சிமென்ட் வாங்காது, திருப்பி அடிக்கும். கடினமான எதன்மேல் உலோகம் படிந்தாலும் குழலின் முனை அதைவிட்டு எதிர்ப்பக்கம் எழும்பும். மேசையின் விளிம்பு, மரக்கட்டை, இரும்புச் சட்டம் என எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

வீட்டில் பழைய ஜீன்ஸ் ஒன்று கிடைக்குமல்லவா? அதன் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு வாயை இரட்டைத் தையலாக மூடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு மட்டும் அரிசியை நிரப்பி, மறுவாயையும் தைத்துவிடுங்கள். முழுக்க அடைத்தால் அது கல்லுமாதிரி ஆகிவிடும். தளர்ச்சி இருந்தால்தான் கையின் வடிவத்துக்குப் பள்ளம் விழும். மணலும் ஆகும், ஆனால் தையலில் கசிந்து பொறிக்குள் போகும் தொல்லை உண்டு. அரிசியில் அது இல்லை, மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னிடம் உள்ள பை பதினோரு ஆண்டுகளாக உழைக்கிறது, அரிசியை மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். அவசரத்துக்கு ஒரு போர்வையை இறுகச் சுருட்டி இரண்டு இடத்தில் கட்டினாலும் போதும்.

பையை மேசையில் வைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்கையைப் பையின் பள்ளத்தில் படியவையுங்கள். துப்பாக்கியின் பிடி மேசையைத் தொடக்கூடாது. குழல் பையைத் தொடக்கூடாது. ஸ்லைடு (சுட்டதும் நகரும் மேல்பகுதி) பின்னோக்கி ஓடும் பாதையில் துணியோ விரலோ இருக்கக்கூடாது. தாங்கப்படுவது கை, துப்பாக்கியைத் தாங்குவது அந்தக் கை. இந்த வரிசை தலைகீழானால் குழுவாக விழ வேண்டிய குண்டுகள் சிதறும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பைமேல் வைத்துச் சரிசெய்த குறியும் நின்று ஒற்றைக்கையால் சுடும்போது தேவைப்படும் குறியும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பையைக் கொண்டு துப்பாக்கியும் தோட்டாவும் எவ்வளவு நெருக்கமாகக் குழுச்சேர்க்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசித் திருகலை நின்று சுட்ட பத்துக் குண்டுகளைப் பார்த்த பிறகே செய்யுங்கள். அமெரிக்காவில் ரேன்சம் ரெஸ்ட் என்ற இயந்திரத் தாங்கி உண்டு. அது துப்பாக்கியின் பிடியையே கவ்விப் பிடித்து, மனிதக் கையை முழுவதும் விலக்கிவிடுகிறது. துப்பாக்கியைச் சோதிக்க அது உதவும். உங்கள் குறியைச் சரிசெய்ய உதவாது.

கேள்வி: அமெரிக்காவில் கைத்துப்பாக்கியாலேயே மான் வேட்டையாடுவதாகப் படித்தேன். மேசையும் பையும் இல்லாத காட்டில் அவர்கள் எப்படிக் கையை நிறுத்துகிறார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது பேச்சுக்கே இடமில்லாதது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் கருத்தும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கி வேட்டைக்கு உரிமம் உண்டு. 1967-இல் வந்த தாம்சன் சென்டர் கன்டென்டர் போன்ற ஒற்றைக்குண்டுத் துப்பாக்கிகள் அந்த வழக்கம் பரவ உதவின. அங்கே தாங்கல் என்பது சொகுசு அல்ல. கை நிற்காவிட்டால் விலங்கு காயத்தோடு ஓடிப்போய் எங்கோ நாள்கணக்கில் சாகும். ஆகவே, தாங்கல் கிடைக்காவிட்டால் சுடாமல் திரும்பிவிட வேண்டும் என்பது அங்குள்ள நல்ல வேட்டைக்காரர்களின் நெறி.

காட்டில் முதலில் கிடைப்பது மரம். பலர் குழலையே மரத்தின்மேல் சாய்த்துவிடுகிறார்கள். சிமென்ட் மேசைக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும். மரத்தில் பட வேண்டியது, துப்பாக்கியைப் பிடிக்காத கையின் உள்ளங்கை அடிப்பகுதி அல்லது புறங்கை. அந்தக் கையை மரத்தோடு அழுத்தி, அதன்மேல் சுடும் கையை அமர்த்துகிறார்கள்.

மரம் இல்லாத வெட்டவெளியில் தரையில் உட்கார்ந்து, இரு முழங்கால்களையும் உயர்த்தி, கைகளை அவற்றின்மேல் வைப்பது அடுத்த வழி. இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முழங்கையின் கூர்முனையை முழங்கால் சிப்பியின்மேல் வைத்தால், இரண்டு கோலிக்குண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தியது போலத்தான், உருண்டுகொண்டே இருக்கும். முழங்கைக்கு ஓர் அங்குலம் மேலே, புயத்தின் தட்டையான சதைப்பகுதியை முழங்காலில் படியவைத்தால் சட்டென்று நின்றுவிடும். நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் கையை நீட்டி, நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம்; வேறுபாடு அந்த நொடியிலேயே தெரியும்.

முதுகுப்பை இருந்தால் அதைக் கிடத்திப் படுத்துக்கொண்டு சுடுவார்கள். இரண்டு கழிகளை மேல்நுனிக்குச் சற்றுக் கீழே ரப்பர் வளையத்தால் கட்டிக் கத்தரிக்கோல் போல் விரித்து, அந்தக் கவையில் கைகளை வைப்பதும் உண்டு. 1870-களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் தங்கள் கனத்த நெடுந்துப்பாக்கிகளுக்கு இப்படிப்பட்ட குறுக்குக் கழிகளைத்தான் பயன்படுத்தினார்கள். பொருள் எதுவுமே கிடைக்காதபோது ஒரு கயிறு போதும். துப்பாக்கிப் பிடியின் வளையத்தில் கட்டிக் கழுத்திலோ தோளிலோ மாட்டி, கைகளை முழுவதும் நீட்டும்போது கயிறு விறைக்கும்படி அளவு வைத்துக்கொள்கிறார்கள். கை முன்னோக்கித் தள்ள, கயிறு பின்னோக்கி இழுக்க, இரண்டுக்கும் நடுவே நடுக்கம் குறைகிறது. இழுவிசையைக் கொண்டே நிலைப்படுத்தும் இந்த எண்ணம்தான் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் டெபுடி ஷெரிஃபாக இருந்த ஜாக் வீவர் 1950-களின் இறுதியில் பெயர்பெறச் செய்த இரட்டைக்கைப் பிடியிலும் இருக்கிறது. அதில் சுடும் கை தள்ளும், மறுகை இழுக்கும்.

கேள்வி: மல்லாந்து படுத்து, காலின்மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும் படம் ஒன்றைப் பார்த்தேன். உண்மையிலேயே அப்படி ஒரு முறை இருக்கிறதா, காலுக்கு ஆபத்தில்லையா? (வாசகி, சேலம்)

இருக்கிறது; அதற்கு வரலாறும் உண்டு. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கிரீட்மோர் என்ற சுடுதளத்தில் 1874-இல் அமெரிக்க அணி அயர்லாந்து அணியை 934-க்கு 931 என்று நூலிழையில் வென்றது. ஆயிரம் கஜம் வரை நெடுந்துப்பாக்கியால் சுட்ட அந்தக் காலத்தில், மல்லாந்து படுத்துக் குழலைக் காலின்மேல் தாங்கிச் சுடும் முறை பரவியது. அந்தச் சுடுதளத்தின் பெயரே அந்த நிலைக்கும் வழங்கிவருகிறது.

இன்று அது உயிரோடு இருப்பது இரும்பு உருவங்களை வீழ்த்தும் சிலுவெட் போட்டிகளில். மெக்சிகோவில் பிறந்த ஆட்டம் இது. காயினா, ஹவலினா, குவாஹொலோத்தே, போர்ரேகோ என்று கோழி, காட்டுப்பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா ஆகியவற்றின் இரும்பு உருவங்கள் வரிசையாக நிற்கும். அமெரிக்காவில் 1976-இல் கைத்துப்பாக்கிக்கென்றே தனிச் சங்கம் ஏற்பட்டது. கோழி 50 மீட்டரில், பன்றி 100-இல், வான்கோழி 150-இல், கடா 200 மீட்டரில். பட்டால் மட்டும் போதாது, உருவம் கீழே விழ வேண்டும். வெளிப்பொருள் எதையும் தாங்கலாக வைக்கக் கூடாது, ஆனால் உடம்பையே தாங்கலாக்கிக்கொள்ளத் தடையில்லை. அப்படித்தான் அந்தப் பழைய நிலை திரும்பி வந்தது: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, துப்பாக்கியைக் கெண்டைக்காலின் வெளிப்புறத்தோடு ஒட்டவைத்து, மறுகையால் தலையைத் தாங்கிக்கொள்வார்கள். 200 மீட்டரில் நிற்கும் கடாவைக் கைத்துப்பாக்கியால் சாய்ப்பது இதனால்தான் முடிகிறது.

ஆபத்து உண்டு. ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது. சுடும்போது அதன் வழியாகக் கொதிக்கும் வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் கத்திபோல் பீறிடும். அதனால் காலில் தடித்த தோல் கவசம் கட்டிக்கொள்கிறார்கள். குழலின் முனையும் காலைத் தாண்டி முன்னே நீட்டியிருக்க வேண்டும். ரிவால்வரை எந்தத் தாங்கலில் வைத்தாலும் இந்த இடைவெளிக்குப் பக்கத்தில் விரலோ உடம்போ இருக்கவே கூடாது. படத்தைப் பார்த்து வீட்டுக் கூடத்தில் யாரும் இதை முயன்று பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: அருங்காட்சியகம் ஒன்றில் மரப்பெட்டி போன்ற உறையோடு பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கியைக் கண்டேன். அந்த உறை ஏன் மரத்தில்? (ஒரு வாசகர், புதுச்சேரி)

நீங்கள் பார்த்தது 1896-இல் வந்த மாவுசர் சி 96 ஆக இருக்கலாம். அந்த உறையின் நுனியைப் பிடியின் பின்புறத்தில் மாட்டினால் அதுவே தோளில் ஊன்றும் கட்டையாகிவிடும். இரு கைகளோடு தோளும் சேரும்போது துப்பாக்கிக்கு மூன்றாவது ஊன்றுகோல் கிடைக்கிறது. முதல் உலகப் போரில் நீண்ட குழல் கொண்ட லூகர் என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கிக்கும் இப்படி ஒரு மரக்கட்டை இருந்தது.

கேள்வி: மேடை நடுக்கத்துக்கு மருத்துவர் ஒருவர் என் நண்பருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைப் போட்டியன்று நானும் போட்டுக்கொள்ளலாமா? அதோடு, விபத்தில் என் வலது மணிக்கட்டு முறிந்து கூடியிருக்கிறது, பழையபடி இறுகவில்லை. இடக்கைக்கு மாறினால் ஆட்டம் குறையுமா? (இருபத்தாறு வயது வாசகர், சென்னை)

மாத்திரையைத் தொடாதீர்கள். நீங்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் ப்ரோப்ரனலால் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். இதயத்துடிப்பைத் தணித்து நடுக்கத்தை அடக்கும் இந்த பீட்டா தடுப்பான்கள் துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளில் மட்டுமல்ல, பயிற்சிக் காலத்திலும் தடைசெய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு 50 மீட்டர் பிஸ்டலில் வென்ற வெள்ளியையும் 10 மீட்டரில் வென்ற வெண்கலத்தையும் இதே மருந்துக்காக இழந்தார். பதக்கம் ஒருபுறம் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது உயிராபத்து. உங்கள் நண்பரும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. போட்டிக்கு முன் காபியைத் தவிர்ப்பது, வயிற்றைக் காயப்போடாமல் இருப்பது, நன்றாகத் தூங்குவது ஆகிய மூன்றும் மாத்திரை இல்லாமலே நடுக்கத்தைக் குறைக்கும். இருசக்கர வண்டியில் ஒரு மணிநேரம் ஹேண்டில்பாரைப் பிடித்து வந்து இறங்கிய உடனே சுடத் தொடங்கினால் முன்கை அதிர்ந்துகொண்டேதான் இருக்கும். இதை என் கையில் பலமுறை அனுபவித்திருக்கிறேன். அரைமணி நேரம் முன்னதாக வந்து கையைத் தொங்கவிட்டு உட்காருங்கள்.

இடக்கைக்கு மாறலாம். ஹங்கேரியின் காரோலி தாகாச்சின் வலக்கையை 1938-இல் கையெறிகுண்டு ஒன்று சிதைத்தது. அவர் இடக்கையால் சுடக் கற்று, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் (விரைவுச் சுடுதல்) பிஸ்டலில் தங்கம் வென்றார். பிறவியிலேயே வலக்கை பாதிக்கப்பட்ட நம் மணீஷ் நர்வால் டோக்கியோ பாராலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டலில் தங்கம் வென்றது இடக்கையால்தான்.

மாறுவதற்கு முன் உங்கள் ஆதிக்கக் கண் எது என்று பாருங்கள். இரு கைகளாலும் முக்கோணத் துளை போல் அமைத்து, தூரத்துப் பொருளை இரு கண்களாலும் அதற்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். அது இடக்கண்ணாக இருந்தால் மாற்றம் எளிது. வலக்கண்ணாக இருந்தால் தலையைச் சற்றே திருப்பிப் பழக வேண்டியிருக்கும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். இன்னொரு செலவும் இருக்கிறது. போட்டித் துப்பாக்கியின் மரப்பிடி ஒரு கைக்கென்றே கடைந்தது. வலக்கைப் பிடியை இடக்கையால் பற்றினால் மணிக்கட்டு கோணிக்கொள்ளும். இடக்கைப் பிடியைத் தனியாக வாங்கி, உள்ளங்கையில் இடைவெளி விழும் இடங்களில் மரப்புட்டியை அப்பி, அது ஈரமாக இருக்கும்போதே உங்கள் கையை அழுத்திப் பதித்து, காய்ந்தபின் உறுத்தும் இடங்களை மணல்தாளால் தேய்த்துவிடுங்கள். முறிந்த கைக்கு மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியை அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.